ஆளற்ற வீதிகள்

கற்பிட்டிப் பகுதிப் பாடசாலை ஒன்றிலே பத்தாந்தர மாணவருக்கு வரலாற்றுப் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். கொழும்புக் கோட்டையின் பழைய புகைப்படம் ஒன்றைப் பெரிதாக்கிக் கரும்பலகையின் அருகே ஒட்டியிருந்தோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எடுக்கப்பெற்ற படம் அது. அகன்று நேராகச் செல்லும் வீதி. இருமருங்கும் நிழல் மரங்கள். தூண்கள் அணிவகுத்து நிற்கும் விறாந்தைகள். தூரத்தே மணிக்கூட்டுக் கோபுரம். ஒல்லாந்தர் விட்டுச் சென்ற நகரம் ஆங்கிலேயர் கையில் எவ்வாறு மாறிற்று என்பதை விளக்கத் தொடங்கிய வேளையிலே பின்வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "சேர், அண்டைக்கு லீவு நாளா? றோட்டில ஒருத்தரையும் காணல்லையே" என்றான்.

வகுப்புச் சிரித்தது. நாமும் சிரித்துவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தோம். ஆனால் அவ்வினா நம்மை விட்டு அகலவில்லை. துறைமுகமும் சுங்கமும் வங்கிகளும் கந்தோர்களும் நெருங்கியிருந்த இடம் கோட்டை. பெட்டி சுமந்தவரும் வண்டி இழுத்தவரும் கடிதம் கொண்டோடியவரும் நாள்தோறும் ஆயிரக்கணக்கில் நடந்த வீதிகள் அவை. அப்படியிருந்தும் பழைய படங்களிலே அவ்வீதிகள் பெரும்பாலும் கழுவித் துடைத்த பீங்கான்போல வெறுமையாகக் கிடக்கின்றன. மனிதர் எங்கே போயினர்? அன்று அம்மாணவனுக்கு நாம் கொடுக்கத் தவறிய விடையையே இங்கு எழுத முற்படுகின்றோம்.

முதலில் விஞ்ஞானம் தரும் விடையைக் கேட்போம். 1838ஆம் ஆண்டில் லூயி டாகர் என்னும் பிரெஞ்சுக்காரர் பாரிஸ் மாநகரிலே ஒரு சாளரத்தின் வழியாகப் பெருவீதி ஒன்றைப் படம்பிடித்தார். வெள்ளி பூசிய தகட்டிலே உருவம் பதிவதற்குப் பல நிமிட நேரம் ஒளி பட வேண்டியிருந்தது. வண்டிகளும் பாதசாரிகளும் நிறைந்த வீதி. ஆயின் அசைந்தவை யாவும் தகட்டிலிருந்து மறைந்தன. சப்பாத்தை மினுக்குவித்துக்கொண்டு ஓரிடத்தில் நின்ற ஒருவனுடைய உருவமே தெளிவாக எஞ்சிற்று. அவன் காலடியிலே குனிந்திருந்து மினுக்கியவன் கலங்கிய நிழலாகத் தெரிகின்றான். அவனுடைய கைகள் வேலை செய்துகொண்டிருந்தன அல்லவா! மனித உருவம் பதிந்த முதற் புகைப்படங்களுள் ஒன்று இது. நிற்க வசதி பெற்றவனுக்கும் உழைத்து அசைய வேண்டியவனுக்கும் இடையிலான வேறுபாடு இக்கலை தோன்றும்போதே அதனுள் நுழைந்துவிட்டது.

கொழும்பிலே 1860களிலும் 1870களிலும் நிலைமை சற்று முன்னேறியிருந்தது. எனினும் அடிப்படை மாறவில்லை. அக்காலத்துப் படப்பிடிப்பாளர் கோட்டைக்குப் புறப்படுவது ஒரு சிறு படையெடுப்பை ஒத்தது. பாரிய படப்பெட்டி, முக்காலி, கறுப்புத் துணி, இருட்டறையாகப் பயன்படும் கூடாரம், தண்ணீர்க் குடம், மருந்துப் போத்தல்கள், கண்ணாடித் தகட்டுப் பெட்டி ஆகிய அனைத்தும் உடன் செல்ல வேண்டும். கண்ணாடித் தகட்டிலே கொலோடியன் என்னும் பசைத்திரவத்தைப் பூசி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலருமுன் படத்தை எடுத்து, அவ்வீரம் உலருமுன்னரே அதனைக் கழுவியும் விட வேண்டும். கொழும்பு வெயிலில் ஈரம் எவ்வளவு நேரம் நிற்கும்? சில விநாடிகள் ஒளி பட்டால் போதும் என்ற நிலை வந்தபோதிலும், நடந்து சென்றவன் அந்த விநாடிகளுக்குள் கரைந்துபோனான். ஆகவே அதிகாலையில், ஆள் நடமாட்டம் குறைந்த வேளையில், தூண்களும் வளைவுகளும் கூர்மையாகப் பதியும்படி படமெடுத்தனர். அந்தக் கூடாரத்தையும் தண்ணீர்க் குடத்தையும் படப்பிடிப்பாளர் தாமே சுமக்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. சுமந்தவர்களும் படத்தில் இல்லை.

புகைப்படக் கருவி தோன்றுமுன் இந்நாட்டின் ஊர்களைப் பதிவு செய்தவை எழுதுகோலும் தூரிகையுமே. இவ்விடத்தில் எமது ஊரவர் ஒருவரை நினைவுகூர்தல் பொருந்தும். 1807இல் கற்பிட்டியிலே பிறந்த சைமன் காசிச்செட்டி, இலங்கையின் ஊர்களையும் இடங்களையும் அகரவரிசைப்படுத்தி விவரிக்கும் 'சிலோன் கசற்றியர்' என்னும் ஆங்கில நூலை 1834இல் வெளியிட்டார். டாகரின் கண்டுபிடிப்பு உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839இல். அதற்கு ஐந்தாண்டுகள் முன்னரே இம்முயற்சி நிறைவேறியது. தமிழ்ப் புலவர் வரலாற்றை எழுதியவர் என்ற அளவிலேயே தமிழ் மாணவர் அவரை அறிவர். ஓர் ஊரைப் பற்றி எழுதும்போது அங்குள்ள கட்டடத்தோடு குடிகளையும் அவர்தம் தொழிலையும் சேர்த்து எழுத வேண்டும் என்ற தெளிவு அவரிடம் இருந்தது. பின்னர் வந்த கண்ணாடி வில்லைக்கு அத்தெளிவு நெடுங்காலம் வாய்க்கவில்லை.

கல்கத்தாவிலிருந்து வந்த பிரெடரிக் பீபிக் என்பார் 1852 அளவில் இலங்கையிலே படமெடுத்தார். கடதாசியிலே எதிர்ப்படம் எடுத்து, அச்சிட்ட படங்களுக்குக் கையால் வர்ணம் தீட்டியவர் அவர். கிழக்கிந்தியக் கம்பனி அவருடைய படங்களை 1856இல் விலைக்கு வாங்கிற்று. வாங்கியவர் யார் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு நாட்டை ஆள்பவனுக்கு அந்நாட்டின் வரைபடம் எவ்வாறு தேவையோ அவ்வாறே அதன் புகைப்படமும் தேவையாயிற்று.

அவர் கண்ட கொழும்பு மதில் சூழ்ந்த கொழும்பு. போர்த்துக்கேயர் 1518இல் கட்டத் தொடங்கி, ஒல்லாந்தர் 1656இல் கைப்பற்றித் திருத்தியமைத்து, ஆங்கிலேயர் 1796இல் பெற்றுக்கொண்ட கோட்டை அது. 1869க்கும் 1871க்கும் இடையில் அம்மதில்கள் இடித்துத் தள்ளப்பட்டன. ஏன் இடித்தனர்? கடலிலே எதிரி இல்லை. உள்ளே கோப்பி வர்த்தகம் பெருகிவிட்டது. 1869 நவம்பரில் சுயெஸ் கால்வாய் திறக்கப்பட்டு ஐரோப்பாவுக்கான கடல்வழி சுருங்கிவிட்டது. படைவீரனுக்குக் காவலாயிருந்த மதில் வியாபாரிக்கு இடையூறாயிற்று. பீரங்கிகளின் நகரம் பேரேடுகளின் நகரமாக மாறியது. பெயர் மட்டும் கோட்டை என்றே நிலைத்துவிட்டது. கற்பிட்டியின் கதை இதற்கு நேர்மாறானது: ஒல்லாந்தர் 1667இலிருந்து 1676 வரை முருகைக்கல்லால் எழுப்பிய கோட்டை இன்றும் களப்போரத்தில் நிற்கின்றது, அதைச் சுற்றி எழுந்திருக்க வேண்டிய நகரந்தான் எழவில்லை.

பழைய நகரம் இடிபடும்போது புகைப்படக்காரரை அழைப்பது அக்காலத்து வழக்கம். பாரிஸிலே புதிய பெருவீதிகளுக்காகப் பழைய சந்துகள் அழிக்கப்பட்டபோது, சார்ள் மார்வில் என்பார் நகரசபைக்காக 1860களில் அவற்றைப் படம்பிடித்தார். ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரிலே ஏழைத் தொழிலாளர் நெருக்குண்டு வாழ்ந்த முடுக்குகளை இடிப்பதற்கு முன், தோமஸ் அனன் 1868இலிருந்து 1871 வரை அங்கு படமெடுத்தார். கொழும்பு மதில்கள் இடிபட்ட அதே ஆண்டுகள்! அனனுடைய படங்களிலே குடியிருப்போர் வாசலில் நிற்கின்றனர். அசைந்த குழந்தைகள் புகையாகப் பதிந்திருக்கின்றன. வெளிச்சமற்ற முடுக்கிலே ஈரத்தகட்டைக் கொண்டு அவரால் மனிதரைக் காட்ட முடிந்தது. அப்படியானால், வெயில் கொட்டும் கொழும்பிலே மனிதர் இல்லாமற் போனமைக்கு ஒளியின்மீது மட்டும் பழியைப் போட முடியுமா?

புதிய கொழும்பின் அடித்தளம் துறைமுகம். 1875 டிசெம்பரில் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டிய தென்மேற்கு அலைதாங்கி 1885இல் நிறைவுற்றது. நாலாயிரம் அடிக்கு மேல் கடலுக்குள் நீண்ட அத்தடுப்பினால், அதுவரை கப்பல்கள் நாடிய காலித் துறை பின்தள்ளப்பட்டுக் கொழும்பு முதலிடம் பெற்றது. அரசாங்க அச்சகரின் மகனான ஸ்கீன் நடத்திய படக்கலையகம் இவ்வேலையின் கட்டங்களைப் படம்பிடித்தது. கடலிலே பாரிய கொங்கிறீற்றுக் கட்டிகளை இறக்கிய நீராவிப் பாரந்தூக்கியை அப்படங்களிலே தெளிவாகக் காணலாம். அதற்கு 'டைற்றன்' என்று பெயரும் இட்டிருந்தனர். பாரந்தூக்கிக்குப் பெயர் உண்டு. அலைதாங்கிக்கான கருங்கல்லை மகர என்னுமிடத்துக் கற்குழியில் உடைத்தவர்களோ சிறைக்கைதிகள். அவர்களுக்கு இலக்கங்கள்தாம் இருந்தன. கோட்டையின் செல்வத்துக்கெல்லாம் வாயிலாக அமைந்த துறைமுகம் கைதியின் சுத்தியலில் பிறந்தது என்பதை, அத்துறைமுகத்தைக் காட்டும் எந்த அழகிய படத்தைப் பார்த்தும் நாம் ஊகிக்க முடியாது.

இனிக் கட்டடங்களைப் பார்ப்போம். இவற்றை இகழ்வது நமது நோக்கமன்று; அழகை அழகென்று சொல்ல அஞ்சுவது முற்போக்கு ஆகாது. 1857இல் எழுந்த மணிக்கூட்டுக் கோபுரத்தை வரைந்தவர் தேசாதிபதி வார்டின் மனைவியார். பெண்ணொருத்தி வரைந்த பொதுக் கட்டடம் அக்காலத்தில் எங்கும் அரிது. 1867இல் அதன் உச்சியிலே விளக்கேற்றி வெளிச்சவீடாகவும் ஆக்கினர். பின்னர் சுற்றிலும் உயர்ந்த கட்டடங்கள் அவ்வொளியைக் கப்பல்களுக்கு மறைத்தமையால் 1952இல் விளக்கு அணைக்கப்பட்டது. துறைமுகத்துக்கு எதிரே, முன்னர் படைவீரர் தங்கிய இடத்திலே, 1875இல் கிராண்ட் ஓரியன்டல் ஹோட்டல் திறக்கப்பட்டது. தேசாதிபதியின் மாளிகைக்கு எதிரே 1895இல் வெண்ணிறப் பெருந்தூண்களோடு பொதுத் தபாற்கந்தோர் நிமிர்ந்தது. யோர்க் வீதியிலே எட்வேட் ஸ்கின்னர் வரைந்த கார்கில்ஸ் மாளிகை 1906இல் செந்நிறத்தில் எழுந்தது. அதன் வளைவுகளின் கீழ் நடக்கும்போது மழையும் வெயிலும் தெரியா. நிழலுக்கு ஏங்கும் நாட்டிலே நிழலைக் கட்டத் தெரிந்த கைகளுக்கு நாம் மரியாதை செலுத்தத்தான் வேண்டும்.

ஆனால் இக்கட்டடங்கள் யாரை நோக்கி முகங்காட்டி நின்றன? இறங்குதுறையிலே கால் வைத்த கப்பற் பயணியை நோக்கித்தான். அவுஸ்திரேலியாவுக்கும் சீனாவுக்கும் செல்லும் வெள்ளைக்காரப் பயணிகள், கப்பல் நிலக்கரி ஏற்றும் சில மணி நேரம் கரையிறங்குவர். ஹோட்டலிலே தேநீர், கார்கில்ஸிலே துணிமணி, இரத்தின வியாபாரியிடம் நீலக்கல், திரும்பும் வழியிலே வீட்டுக்கு அனுப்பத் தபாலட்டை. 1890இல் தொடங்கப்பெற்ற பிளாற்றே கம்பனி இந்தத் தபாலட்டை வியாபாரத்திலே பெரும்புகழ் பெற்றது. அட்டைகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும்: புகைப்படக் கருவி எங்கெங்கு நிற்கின்றதோ அங்கெல்லாம் பயணியின் கண்ணே நிற்கின்றது. அவன் எங்கிருந்து பார்த்தானோ அங்கிருந்தே நகரம் இன்றும் நமக்குக் காட்டப்படுகின்றது. கப்பலின் வயிற்றுக்குள் நிலக்கரிக் கூடை சுமந்து இறங்கியவனுக்கு யோர்க் வீதி எப்படித் தோன்றியிருக்கும் என்பதற்குப் படமில்லை.

இதற்குள் தொழில்நுட்பமும் மாறிவிட்டது. 1880களிலே உலர்தகடுகள் பரவலாக விற்பனைக்கு வந்தன. விநாடியின் சிறு பகுதிக்குள் படம்பிடிக்கலாம். ஓடுகிற றிக்ஷோவையும் நிறுத்திக் காட்டலாம். ஆகவே விஞ்ஞானம் தந்த விடை இந்த இடத்தில் முடிந்துவிடுகின்றது. இதன் பின் வீதியிலே ஆட்கள் தென்படத் தொடங்குகின்றனர் என்பது மெய்தான். எனினும் கட்டடத்தின் அளவைக் காட்டும் அடிக்கோல்களாகவே அவர்கள் நிற்கின்றனர், முகம் தெரிவதில்லை.

அப்படியானால் உழைப்பாளரின் முகங்களைப் படம்பிடிக்கவே இல்லையா? பிடித்தனர். இங்கேதான் நம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்த செய்தி இருக்கின்றது. ஸ்கீன், ஸ்கோவன், பிளாற்றே முதலிய கலையகங்கள் இந்நாட்டு மக்களின் 'மாதிரி'களை விற்றன. தமிழ்ப் பெண், சோனக வியாபாரி, பாம்பாட்டி, கூலிக்காரன் என்று தலைப்பிட்ட படங்கள். திரையின் முன்னே, ஓவியச் செடிகளின் நடுவே, அசையாது நிற்கும்படி செய்து எடுத்தவை. பெயரில்லை, தொழில் செய்யும் இடமில்லை. ஆக ஒரே கடையிலே இரண்டு அடுக்குகள் இருந்தன. ஓர் அடுக்கிலே ஆளற்ற மாளிகைகள். மற்றையதிலே இடமற்ற மனிதர்கள். இவ்விரண்டையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவந்தால் 'இதைக் கட்டியவன் இவன்' என்ற எண்ணம் பார்ப்பவன் மனத்திலே எழுந்துவிடும். அந்த எண்ணத்தை விலைக்கு வாங்க எந்தப் பயணியும் கப்பலிலிருந்து இறங்கவில்லை. சதி செய்து பிரித்தார்கள் என்று நாம் கூறவில்லை. விற்பனையாகியதை எடுத்தார்கள், அவ்வளவே. வர்க்கப் பார்வை வேலை செய்வது பெரும்பாலும் இப்படித்தான், சதி தேவைப்படுவதில்லை.

கட்டியவர்களைப் பற்றிய செய்தி வாய்மொழியாக வந்த இடங்களும் உள. வாப்பிச்சி மரைக்கார் என்னும் முஸ்லிம் கட்டடக்காரர் கோட்டைத் தபாற்கந்தோர் உட்படக் கொழும்பின் பெருங்கட்டடங்கள் பலவற்றை எழுப்பியவராகப் போற்றப்படுகின்றார். அவர் கட்டிய கொழும்பு நூதனசாலை 1877இல் திறக்கப்பட்டபோது, வேண்டிய பரிசைக் கேட்குமாறு தேசாதிபதி கிரெகரி சொன்னதாகவும், வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடிவைக்க வேண்டும் என்று அவர் கேட்டதாகவும் ஒரு வரலாறு வழங்குகின்றது. எமது மாணவரிடம் இக்கதையைச் சொன்னபோது அவர்கள் முகம் மலர்ந்தது. தம்மைப் போலத் தமிழ் பேசிய ஒருவர் தலைநகரைக் கட்டினார் என்ற மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சியிலே குற்றமில்லை. ஆனால் மரைக்காரும் வேலை எடுத்து நடத்தியவர்தாம். அவருக்குக் கீழே சாந்து குழைத்தவனுக்கும் சாரத்தில் ஏறியவனுக்கும் கதைகூட மிஞ்சவில்லை. வரைந்த ஸ்கின்னரின் பெயர் ஏட்டிலே, கட்டுவித்த மரைக்காரின் பெயர் வாய்மொழியிலே, கல் சுமந்தவனின் பெயர் எங்குமே இல்லை.

வேறு விதமாகவும் படமெடுக்க முடியும் என்பதற்கு உலகில் சான்று உண்டு. அமெரிக்காவில் லூயிஸ் ஹைன் என்பவர் நியூயோர்க் பாடசாலை ஒன்றிலே ஆசிரியராயிருந்தபோது கற்பித்தலுக்குத் துணையாகப் படப்பெட்டியை எடுத்தவர். பின்னர் சுரங்கங்களிலும் ஆலைகளிலும் வேலைசெய்த சிறுவரைப் படம்பிடித்துக் குழந்தை உழைப்புக்கு எதிரான போராட்டத்துக்கு ஆதாரம் தேடித் தந்தார். எம்பயர் ஸ்டேட் மாளிகை எழுந்த 1930, 1931ஆம் ஆண்டுகளிலே, உச்சியில் உருக்கு உத்திரங்களின்மேல் நின்று வேலை செய்தவரோடு தாமும் ஏறி நின்று படமெடுத்தார். அப்படங்களில் மாளிகையும் உண்டு, அதை எழுப்பிய தசையும் உண்டு. 1940இல் அவர் வறுமையிலே இறந்தார். அதே நகரின் மாறிவந்த வீதிகளை 1935 முதல் அரசாங்கக் கலைத்திட்டத்தின் ஊதியத்தில் படம்பிடித்தார் பெரனிஸ் அபற் அம்மையார். பொருளாதார நெருக்கடிக் காலத்திலே ஓர் அரசு புகைப்படக்காரருக்கும் வேலை கொடுத்தது என்பது நமது கலாசார அமைச்சுகள் எண்ணிப்பார்க்கத் தக்கது.

இலங்கையிலும் விதிவிலக்குகள் இல்லாமலில்லை. 1875இல் இங்கு வந்து 1879இல் மறைந்த யூலியா மார்கரெட் கமரன் தோட்டத் தொழிலாளரைப் படமெடுத்தார், அவர்கள் முகத்திலே ஒரு கனத்தைக் கண்டார், பெயரைக் கேட்கவில்லை. 1944இல் தமது நாற்பத்துநான்காம் வயதிலே காலமான லயனல் வென்ற், உழைக்கும் உடலின் அழகை ஒளியிலும் நிழலிலும் வடித்த பெருங்கலைஞர். அவர்மீது நமக்குள்ள மதிப்புக் குறையாது. ஆயினும் அந்த உடல்களை அவர் கண்டெடுத்த இடங்கள் பெரும்பாலும் வயலும் கரையும் ஆறுமாகவே இருந்தன. அவர் படமெடுத்த காலத்துக்குச் சற்று முன்னர், 1927இலே, ஏ. ஈ. குணசிங்கவின் தலைமையில் கொழும்புத் துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்திருந்தனர். 1929இலே டிராம் தொழிலாளர் கிளர்ந்திருந்தனர். 1953 ஓகஸ்ட் 12ஆம் நாள் ஹர்த்தாலின்போது நாட்டின் மந்திரிசபை, கோட்டையின் கந்தோர்களை நம்பாமல், துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் ஏறிக் கூடிற்று. பயணிகள் கப்பலிலிருந்து இறங்கிக் கோட்டையைப் பார்த்த காலம்போய், ஆள்வோர் கோட்டையிலிருந்து இறங்கிக் கப்பலுக்குள் ஒளிந்த அந்தக் காட்சியை ஒருவராவது படமெடுத்துத் தபாலட்டையாக விற்றிருக்கலாம்!

கோட்டைக்கு வெளியே, புறக்கோட்டையிலே, கதை சற்று வேறு. 1908இல் தொடங்கி மறு ஆண்டு முடிந்த ஜாமிஉல் அல்பார் பள்ளிவாசலை, சிவப்பும் வெள்ளையுமாகக் கோடிட்ட அந்த அற்புதத்தை, வரைந்தவர் சாய்பு லெப்பை. கட்டுவித்தவர் இந்திய முஸ்லிம் வியாபாரிகள். இதனை ஆளில்லாமற் படமெடுக்க இன்றுவரை எவராலும் முடியவில்லை. எந்நேரமும் முன்னே ஒரு கைவண்டி வந்துவிடும். கோட்டைக்குள்ளும் இரத்தின வியாபாரி அப்துல் கபூர் எழுப்பிய கட்டடம் 1915ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதே 1915இன் மே, யூன் மாதங்களிலே முஸ்லிம்களின் கடைகள் இந்நாடெங்கும் சூறையாடப்பட்டன. ஒரே ஆண்டின் இவ்விரு முகங்களுள் கட்டடம்தான் தபாலட்டைக்கு உகந்தது.

நமது தலைமுறைக்குக் கோட்டையென்றால் வேறொரு நினைவு. 1996 ஜனவரி 31ஆம் நாள் விடுதலைப் புலிகளின் வெடிகுண்டு வாகனம் மத்திய வங்கியைத் தாக்கியதில் தொண்ணூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். மாண்டவர்களிலே பெரும்பான்மையோர் கந்தோர்களுக்கு வேலைக்கு வந்த சாதாரண மக்கள். 1997 ஒக்டோபரிலே மீண்டும் ஒரு குண்டு. அதன்பின் கோட்டையின் வீதிகள் பல மூடப்பட்டன. தடைக்கம்பிகளும் மணல்மூட்டைகளும் எழுந்தன. போர் முடிந்து சில ஆண்டுகள் சென்ற பின்னரே அவை படிப்படியாக நீங்கின. அக்காலத்திலே அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர் தாங்கிய இளைஞன் ஒருவன் கழுத்திலே கமராவைத் தொங்கவிட்டுக் கோட்டைக்குள் நடப்பதென்றால், அவன் கட்டடக் கலையை ரசிக்க வந்தான் என்று யார் நம்புவார்? நம்மோடு பல்கலைக்கழகத்திற் பயின்ற நண்பர் ஒருவர், பழைய தபாற்கந்தோரின் தூண்களைப் படமெடுக்க முயன்று, அரை நாளைக் காவலரணிலே கழித்தார். அடிபடவில்லை, சுருளை மட்டும் உருவி வெயிலிலே பிடித்துவிட்டனர். முன்பு ஆளற்ற வீதிகளை விரும்பியது கமரா. இப்போது வீதியே ஆளற்றதாயிற்று, கமராவும் விலக்கப்பட்டது.

இதே கொழும்பிலே பொரளையில், 1983 யூலையில், காடையர் நடுவே ஆடை களையப்பட்டுக் குந்தியிருந்த தமிழன் ஒருவனைச் சந்திரகுப்த அமரசிங்க என்னும் சிங்களப் புகைப்படக்காரர் படமெடுத்தார். கம்யூனிஸ்ட் கட்சிப் பத்திரிகையைச் சேர்ந்தவர் அவர். அந்த இரவின் கொழும்பைப் பற்றி எந்த மாளிகையின் படமும் சொல்லாததை அந்த ஒரு படம் சொல்லிற்று. படமெடுத்தவரின் பெயர் நிலைத்துவிட்டது. படத்தில் இருந்தவனை அடையாளம் காட்டப் பின்னாளில் பலர் முயன்றனர்.

நகரத்தின் படம் நமக்கு எதற்கு என்று கேட்போர் உண்டு. கற்பிட்டியிலே அக்கேள்வியை எவரும் கேட்பதில்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களிற் பெருந்தொகையினர் புத்தளம் மாவட்டத்துக்கே வந்து சேர்ந்தனர். எமது வகுப்பிலே அவர்களின் பேரப்பிள்ளைகள் இருக்கின்றனர். யாழ்ப்பாணத்திலிருந்த வீட்டின் ஒரேயொரு படத்தை, அதுவும் கல்யாணப் படத்தின் பின்னணியாக மங்கலாகத் தெரியும் வாசற்படியை, வெற்றிலைப் பெட்டிக்குள் வைத்திருந்த மூதாட்டி ஒருவரை நாமறிவோம். அவருக்கு அந்தப் படத்திலே மணமக்கள் முக்கியமில்லை. பின்னாலிருந்த நிலைக்கதவே முக்கியம்.

சென்ற ஆண்டு மாணவர் சிலரைக் கொழும்புக்கு அழைத்துச் சென்றோம். கற்பிட்டியிலிருந்து இரவு புறப்பட்ட பஸ் விடியுமுன் புறக்கோட்டையில் எம்மை இறக்கிவிட்டது. எல்லோரிடமும் கைத்தொலைபேசி இருந்தது. ஆகவே எல்லோரிடமும் கமரா இருந்தது. டாகரின் நிமிடங்களையும் ஸ்கீனின் கூடாரத்தையும் கேட்டுச் சிரித்த பிள்ளைகள், கார்கில்ஸ் மாளிகையின் முன் வந்ததும் முதலிற் செய்தது என்ன? வழியிலே நின்றவர்களை விலகச் சொல்லிவிட்டுப் படமெடுத்தனர்! தபாலட்டையின் கண் நூறாண்டு கழித்தும் எவ்வளவு உறுதியாக இருக்கின்றது என்பதை அன்று கண்டோம். ஒரு கட்டடத்தின் முன் காவலாளி வந்து தடுத்தார். காரணம் அவருக்கும் தெரியவில்லை. 1930இல் திறக்கப்பெற்ற பழைய பாராளுமன்றத்தின் முன்பு, இப்போது ஜனாதிபதி செயலகமாக விளங்கும் அத்தூண்களின் எதிரே, 2022இலே மக்கள் மாதக்கணக்கிற் கூடாரமடித்திருந்ததையும் யூலை 9ஆம் நாள் அதனுள் நுழைந்ததையும் சொன்னோம். பிள்ளைகள் அதை ஏற்கெனவே கைத்தொலைபேசியிற் பார்த்திருந்தனர். ஆளோடு கூடிய அக்கட்டடத்தின் படங்களை எடுத்தவர்கள், அங்கு கூடிநின்ற மக்களே. அப்பால், 2014இலிருந்து மண்கொட்டி உருவாக்கிய 269 ஹெக்டேயர் துறைமுக நகரம் கடலைத் தள்ளிக்கொண்டு கிடந்தது. கப்பலிலிருந்து கோட்டையைப் பார்த்த பழைய கோணம் அதனோடு தொலைந்துவிடும்.

மீண்டும் புறக்கோட்டைக்கு வந்தபோது வெயில் ஏறிவிட்டது. நாட்டாமிமார் கைவண்டிகளிலே மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தனர். அவற்றுள்ளே எமது கரையிலிருந்து போன கருவாடும் இருந்தது. வாசனையிலேயே பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டனர். மாணவி ஒருத்தி, வண்டியைத் தள்ளிய முதியவரைப் படமெடுக்கலாமா என்று கேட்டாள். அவர் வண்டியை நிறுத்தவில்லை. "எடு மகள், நான் நிண்டா பின்னுக்கு வாறவனெல்லாம் நிக்கோணும்" என்று சொல்லியபடியே போய்விட்டார். அவள் எடுத்த படத்திலே பள்ளிவாசலின் சிவப்புக் கோடுகள் கூர்மையாக உள்ளன. முதியவர் பாதி கலங்கியிருக்கின்றார்.

மறு வாரம் அப்படத்தையும் பழைய படத்தையும் பக்கத்திற் பக்கமாக ஒட்டினோம். அப்போது, முன்னர் வினாவெழுப்பிய அதே மாணவன் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு பழைய படத்தண்டை நின்று, இடப்புறத்து மரத்தடியிலே வெண்புகை போன்ற ஒரு கறையைக் கண்டான். அச்சுப் பிழை என்றான் ஒருவன். வண்டி மாடு அசைந்திருக்கும் என்றான் இன்னொருவன்.

"மாடு தலப்பாக் கட்டுமா?" என்று கேட்டாள் அந்த மாணவி.

மணி அடித்த பின்னரும் அவர்கள் கலையவில்லை. அடுத்த பாடத்துக்கு வந்த கணித ஆசிரியரும் கண்ணாடியை வாங்கிக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.